கோழி இல்லாத அடை

எங்கள் வீட்டில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஒரு மீன் பெட்டிக்குத்தான் ஓடும். மனுஷர்களுக்குப் பனையோலை விசிறி. போன கோடை முழுக்க இதுதான் சட்டம். சட்டம் போட்டவர் என் கணவர். இருபது வருஷம் துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்து யார் யார் வீட்டையோ குளிரவைத்தவர், சொந்த வீட்டில் பெண்டாட்டியையும் பெற்ற தாயையும் வேர்க்க விட்டுவிட்டு, அந்தப் பெட்டிக்குள் கிடந்த ஆமை முட்டைகளுக்குச் சூடு சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

திருப்பாலைக்குடியில் கடலுக்கு நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று மாசி மாதம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார். கொஞ்ச நாள் விருந்து, சொந்தபந்தம். அது முடிந்ததும் வீட்டில் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிப் பூட்டினார். மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவைதான். அவர் பூட்டிய பிறகு மிக்ஸி மட்டும் பல் வலிக்காரன் போல முனக ஆரம்பித்தது. இனிக் கழற்ற ஒன்றும் இல்லை என்று ஆன சமயத்தில் ஆமை முட்டை போட்டது.

ஆமை என்றால் கடலாமை இல்லை. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அவர் லீவில் வந்த ஒரு தடவை, மதுரையில் மீன் தொட்டிக் கடையில் வாங்கிக் கொடுத்த ஜோடி. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்டிருக்கும். வாங்கும்போது அஞ்சு ரூபாய்க் காசு அளவு. பெரிசாகாது என்று கடைக்காரர் சொன்னாராம். இப்போது ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. மகள் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். வாங்கிக் கொடுத்தவர் துபாயில். பின்கட்டில் சிமெண்டுத் தொட்டியைக் கழுவி, பாசி தேய்த்து, தண்ணீர் மாற்றி, கையில் கடி வாங்கி, இத்தனை வருஷம் வளர்த்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பெட்டை ஆமை தொட்டியை விட்டு ஏறி வந்து, நான் ரெண்டு வருஷமாகக் காப்பாற்றி வைத்திருந்த கறிவேப்பிலைக் கன்றின் அடியில் பின்னங்காலால் குழி தோண்டியது. கன்று வேரோடு சாய்ந்தது. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் என்னைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சோற்றுக் கரண்டியோடு குழியின் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"சத்தம் போடாத. முட்ட வைக்குது."

"கறிவேப்பிலச் செடி போச்சு மச்சான்."

"செடி வேற வாங்கலாம்."

ஒன்பது முட்டைகள். வெள்ளையாக, நீளவாக்கில், என் கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிதாக. அது மண்ணை மூடிவிட்டுப் போனதும், அவர் ஒவ்வொன்றாகத் தோண்டி, வெளியே எடுப்பதற்கு முன்னால் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. கோழி முட்டை மாதிரி இல்லையாம் இது. போட்டபடி இருக்க வேண்டுமாம். மேல்பக்கம் எப்போதும் மேலேயே இருக்கணும், புரட்டினால் உள்ளே கரு செத்துப்போகும் என்று எனக்கு ரெண்டு தடவை சொன்னார். என் மாமி அப்போது எதிர் வீட்டில் இருந்தார். மாமி என்றால் அவருடைய அம்மா. எழுபதைத் தாண்டியவர், இப்போதும் கோழியை அடை வைப்பதற்கு எங்கள் தெருவில் ஆளுக்கு ஆள் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

முதலில் பெட்டி. மீன் கம்பெனியிலிருந்து ஐஸ் போட்டு மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். டெட்டால் போட்டுக் கழுவினார், வெயிலில் வைத்தார், எலுமிச்சைத் தோல் தேய்த்தார். சூடை மீன் நாற்றம் போகவே இல்லை. பெட்டியை என் தையல் அறையில் வைத்தார், அங்கேதான் கூரைக்கு ஓடு இல்லாமல் தளம் போட்டிருக்கிறது, சூடு சீராக இருக்குமாம். அன்றிலிருந்து தெருப் பூனைகள் எல்லாம் என் ஜன்னலில் வந்து உட்கார்ந்தன. ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, என்ன ராத்தா, கருவாடு போட்டிருக்கீங்களா என்று கேட்டார்கள்.

அடுத்தது பல்பு. சூடு கொடுக்கிற பழைய குண்டு பல்பு வேண்டுமாம். தொண்டியில் கேட்டார், ராமநாதபுரத்தில் கேட்டார். கடைக்காரர்கள் எல்.இ.டி. பல்பை நீட்டினார்கள், அது வெளிச்சம் கொடுக்கும், சூடு கொடுக்காது. ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவர், மூன்றாம் நாள் என் தையல் மெஷினைப் பார்த்தபடி நின்றார். ஊசிக்கு மேலே வெளிச்சத்துக்காக ஒரு சின்னக் குண்டு பல்பு இருக்கும் அல்லவா, அதை. நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அது பெட்டிக்குள் எரிந்துகொண்டிருந்தது. கல்யாண சீசன். ஜன்னல் வெளிச்சத்தில் ஜாக்கெட் தைத்தேன், ஜன்னலில் பூனை உட்கார்ந்தால் அதுவும் இல்லை.

பிறகு மண். இந்தக் கரையில் ஆமை கடல் மணலில்தானே முட்டை வைக்கும் என்று ஒரு வாளி கடல் மணல் அள்ளி வந்து அதில் புதைத்தார். அது கடலாமை, இது தொட்டி ஆமை என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. உப்பு மணல் முட்டையில் இருந்த ஈரத்தை உறிஞ்சி, மறுநாளே எல்லாவற்றிலும் குழி விழுந்துவிட்டது. அலறியடித்துக்கொண்டு தென்னை நார்த்தூளை வாங்கி, நனைத்து, பிழிந்து, முட்டைகளைக் கரண்டியால் ஆடாமல் அசையாமல் மாற்றினார். ரெண்டு நாளில் குழி நிமிர்ந்தது. நிமிர்ந்த சந்தோஷத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார், ஏதோ நான்தான் மணலில் புதைக்கச் சொன்னது மாதிரி.

இதெல்லாம் கூடப் பொறுக்கலாம். சூடு விஷயம்தான் என்னைக் கொன்றது. சூடு குறைந்தால் பல்பு எரியவும், ஏறினால் அணையவும், பழைய ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த தெர்மோஸ்டாட்டை மாற்றிப் பொருத்தியிருந்தார். ஆனால் சித்திரை மாதம் எங்கள் ஊரில் எங்கே சூடு குறையும்? பல்பே இல்லாமல் பெட்டி கொதித்தது. அதனால் பகலில் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்து எடுக்கணும், பின்னிரவில் காற்று மாறினால் பல்பு. ஃப்ரிட்ஜில் குடிக்கத் தண்ணீர் வைக்க இடமில்லை, எல்லாம் பெட்டி பாட்டில். மாமி இதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்.

"ஏலே, இந்த வெயிலுக்கு முட்டைய வாசல்ல வச்சாலே பொரிஞ்சிரும். அதுக்கு ஒரு பெட்டி, அதுக்கு ஒரு லைட்டு, அந்த லைட்டுக்கு ஒரு ஐஸு. எதுக்குடா?"

"சூடு கூடுனா எல்லாம் பொட்டையாப் பொறக்கும்மா. கொறஞ்சா ஆணு. ரொம்பக் கூடுனா செத்துரும்."

மாமி அந்தப் பல்பைக் குனிந்து பார்த்தார். "அல்லா குடுக்குறத இந்த லைட்டா தீர்மானிக்கும்?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய் ஒரு ஆணியைக் கொண்டுவந்தார்.

பழைய மீன்பிடி வள்ளத்தில் இருந்து பிடுங்கிய ஆணி. விரல் கனம், ஒரு சாண் நீளம், துருப்பிடித்தது. கோழியை அடை வைக்கும்போது கூடைக்குள் ஓர் இரும்பு போடாமல் எங்கள் பக்கம் யாரும் வைக்கமாட்டார்கள். கோடை இடி இடித்தால் முட்டை கலங்கிப்போகும், இரும்பு இருந்தால் இடி அண்டாது என்பது கணக்கு. மாமி பிஸ்மி சொல்லி அந்த ஆணியைப் பெட்டிக்குள் வைத்தார். மகன் எடுத்து வெளியே போட்டார். மறுநாள் ஆணி மறுபடி உள்ளே. துரு படும் என்று இவர், இடி விழும் என்று மாமி. ஆணி ஒரு வாரம் உள்ளுக்கும் வெளிக்கும் நடந்தது. ரெண்டு பேரும் என்னிடம் வந்து முறையிட்டார்கள். நான் கையில் கத்தரிக்கோலோடு எழுந்து போய், ஆணியைத் துணியில் துடைத்து, ஒரு மூலையில், கடைசி முட்டைக்கு மேலாகப் பெட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்தேன்.

"இது இங்கனயே இருக்கும். நீங்க எடுக்கக் கூடாது மச்சான். மாமி, நீங்களும் இத அசைக்கக் கூடாது. முட்ட பொரியிற வரைக்கும் இத யாரு தொட்டாலும் பெட்டியத் தூக்கிக் கடல்ல போட்ருவேன்."

ரெண்டு பேரும் தலையாட்டினார்கள். அன்று சாயங்காலம் நிம்மதியாக ஒரு ஜாக்கெட் தைத்தேன்.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. எங்கள் வீட்டில் ஆமை முட்டை இருக்கிறது என்று தெருவில் யாரோ சொல்ல, சொன்னது வாய் மாறி வாய் மாறிக் கடலாமை முட்டை என்று ஆகி, வனக்காவலர் ஒருவர் பைக்கில் வந்து நின்றார். கடலாமை முட்டையைத் தொட்டால் ஜெயில் என்று இந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். நான் டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்கு ஓடினேன். இவரோ ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பெட்டியைத் திறந்து காட்டி, தெர்மோஸ்டாட்டில் இருந்து நார்த்தூள் வரை பாடம் எடுத்தார். நான் போட்ட டீ ஆறிப்போனது. வந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடலாமை முட்ட உருண்டையா பந்து கணக்கா இருக்கும். இது நீளம்ல" என்றார். பிறகு, "குஞ்சு வந்தா ஊருணி, கம்மாய்னு எங்கயும் விட்ராதீங்க. இது நம்ம ஊரு ஆமை இல்ல. உள்ள இருக்குறத எல்லாம் காலி பண்ணிரும்" என்று எச்சரித்தார். சத்தியமாக விடமாட்டோம் என்று இவர் சொன்னார். போகும்போது அவர் தயங்கித் தயங்கித் தன் வீட்டு ஃப்ரிட்ஜ் கூலிங் வரவில்லை என்று சொல்ல, இவர் சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கில் பின்னால் ஏறிப் போய்விட்டார். அதிலிருந்து யார் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றாலும் இவரைத்தான் கூப்பிட்டார்கள், காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வந்தார். எனக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

அடுத்த வாரம் விடிகாலை இருட்டில் ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். வெளிச்சம் இல்லை. கரண்ட்டும் இல்லை. பெட்டி மட்டும் இன்வெர்ட்டரில் பளிச்சென்று எரிகிறது. ஜாக்கெட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

"மச்சான், நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. இந்த முட்ட பொரிச்சா நமக்கு என்ன கெடைக்கப் போகுது?"

அவர் பெட்டிக்குள் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒன்னும் கெடைக்காது."

"அப்புறம்?"

"நம்ம வீட்டுல ஒரு உசுரு வர்றத ஒரு வாட்டியாவது பக்கத்துல இருந்து பாக்கணும்னு இருக்கு. மக பொறந்தத போன்ல கேட்டேன். அவ காதுல நான் சொல்ல வேண்டிய பாங்கச் சொன்னது ஒங்க அண்ணன். நான் வந்து பாத்தப்ப நடந்து வந்தா, என்னையப் பாத்து அழுதா. யாரோன்னு."

நான் திரும்பி வந்து ஜாக்கெட் கையைப் பிரிக்க ஆரம்பித்தேன். கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். எனக்கும் அந்த நாள் ஞாபகம் இருந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் தனியாகப் படுத்திருந்ததும் ஞாபகம் இருந்தது. அவர் போனில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, பிள்ளை மாதிரி இருக்கு என்று சொல்லி வைத்துவிட்டேன். வந்து பார்க்காதவருக்கு நான் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆனாலும் அன்றைக்குப் பிறகு பாட்டில் மாற்றும் வேலையைப் பகலில் நானே செய்தேன். முணுமுணுத்துக்கொண்டுதான்.

அந்த மாதமே அவருக்குப் புது விசா வந்துவிட்டது. பழைய கம்பெனி ஆள் ஒருவர் வேறு கம்பெனியில் சேர்த்துவிட்டார். டிக்கெட் தேதி வந்ததும் இவர் முதலில் பார்த்தது பெட்டியைத்தான். விரல் விட்டு எண்ணினார். கணக்குப்படி குஞ்சு முன்னால், விமானம் பின்னால். அல்ஹம்துலில்லாஹ், நேரம் இருக்கிறது என்றார். பெரிய வேலைக்குப் போகிற ஆள் பேசுகிற பேச்சா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் நானும் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையை நான் மறக்கமாட்டேன். ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிப் போனவர் தொப்பியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். நான் தொப்பியைத் தேடிக்கொண்டு அவர் பின்னாலேயே தையல் அறைக்குள் போனேன். மாமி பெட்டியின் மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது. ஒவ்வொரு முட்டையாக ரெண்டு விரலால் எடுத்து, பிஸ்மி சொல்லி, நிதானமாகப் புரட்டி வைத்துக்கொண்டிருந்தார். பென்சில் குறி கீழே போய்விட்டது.

"அம்மா, என்ன செய்றீங்க?"

"திருப்பி விடுறேன். நீ மறந்துருவன்னுதான். தெனமும் நாந்தான செய்றேன். காலைல நீ வேலைக்குப் போனதும் பெருக்கல் கீழ, சாயங்காலம் அசர் தொழுதுட்டு வந்து பெருக்கல் மேல. கோழி இருந்தா அது பாத்துக்கும். இங்கன கோழி இல்லையே, யாரு திருப்புவா?"

இவர் வீட்டில் இருக்கும்போது பார்த்ததெல்லாம் மேலே இருந்த குறியைத்தான். திருப்பாதே என்று இவர் போட்ட குறி, மாமிக்குத் திருப்பு என்று சொல்லியிருக்கிறது. அடை வைக்கும் முட்டையில் கரியால் குறி போட்டு, தினம் கை மாற்றிப் புரட்டி, எத்தனையோ வருஷம் குஞ்சு எடுத்தவர் மாமி. பகலில் பாட்டில் மாற்றும் நானும் பாட்டிலைத்தான் பார்த்தேன், குறியைப் பார்க்கவில்லை.

இவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. மூடியை வாங்கிப் பெட்டியை மூடிவிட்டு, தொப்பி கூட எடுக்காமல் பள்ளிவாசலுக்குப் போனார். வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். விஷயத்தை நான் மாமிக்குச் சொன்னேன். மாமியும் படுத்துக்கொண்டார். மொத்த வீட்டிலும் நின்றுகொண்டிருந்தது நான் ஒருத்திதான். இந்தக் கட்டிலுக்கும் அந்தக் கட்டிலுக்கும் சோற்றுத் தட்டோடு நடந்து நடந்து எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வார்த்தை அம்மாவிடம் சொல்லாத மகன் மேல், ஒரு வார்த்தை மகனைக் கேட்காத அம்மா மேல், நிம்மதியாகத் தொட்டியில் மிதந்துகொண்டிருந்த அந்த ரெண்டு ஆமை மேலும்.

அடுத்தடுத்த நாட்களில் முட்டைகள் ஒவ்வொன்றாக மஞ்சளடித்து அமுங்கின. ஒன்று நாறியது. மீன் நாற்றமே பரவாயில்லை என்று ஆயிற்று. அவர் கரண்டியால் எடுத்து எடுத்துக் கறிவேப்பிலைச் செடி இருந்த குழியில் புதைத்தார். எட்டு போயிற்று. பெட்டியைத் தூக்கி வெளியே போடலாமா என்று நான் மூடியைத் திறந்தபோது, மூலையில் ஆணிக்குக் கீழே ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று, பென்சில் குறி மேலே தெரிய, உப்பிக்கொண்டு கிடந்தது.

"மாமி, இந்த மூல முட்டைய மட்டும் நீங்க திருப்பலையா?"

"அத எப்படித் தொடுறது? மேல ஆணி இருக்கு. ஆணிய அசைக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன."

இவர் கட்டிலில் இருந்து எழுந்து வந்தார். போன் டார்ச்சை முட்டைக்குப் பக்கத்தில் பிடித்தார். உள்ளே சிவப்பு நரம்பு ஓடுவது எனக்கே தெரிந்தது. அவர் ஆணியைத் தொடாமல் மூடியை மெல்ல மூடினார். பிறகு மாமியிடம், "சோறு தின்னீங்களாம்மா?" என்று கேட்டார்.

ஒன்றாவது வரும் என்று மறுபடி எண்ண ஆரம்பித்தோம். இப்போது மாமியும் சேர்ந்து எண்ணினார். கணக்கு நாள் வந்தது, போயிற்று, முட்டை அப்படியே கிடந்தது. டிக்கெட் தேதி நெருங்கியது. நான் கருவாட்டுப் பொட்டலத்துக்கு வாடை வெளியே வராமல் டேப் சுற்றிக்கொண்டிருந்தேன், ஊறுகாய் கட்டினேன், பருப்புப் பொடி திரித்தேன். அவர் எடைத் தராசில் பயணப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு நேரே தையல் அறைக்குப் போவார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வருவார்.

கிளம்ப வேண்டிய அன்று காலையில்தான் முட்டையில் ஒரு கீறல் விழுந்தது. கீறலில் ஒரு மூக்கு தெரிந்தது, கடுகு அளவு. அவர் என்னைக் கூப்பிட்ட குரலில் மாமி தொழுகைப் பாயில் இருந்து எழுந்து ஓடி வந்துவிட்டார். மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். மூக்கு நீண்டது. நின்றது. அவ்வளவுதான். அதற்கு மேல் வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. மூச்சு விடுகிறது, நம்மைப் பார்க்கிறது, வரமாட்டேன் என்கிறது. சில நேரம் ஒரு நாள் பூரா இப்படி இருக்குமாம், உள்ளே மஞ்சள் கரு வயிற்றுக்குள் போய் முடிந்த பிறகுதான் வருமாம். நாமே முட்டையை உடைத்தால் செத்துவிடும்.

வாசலில் கார் வந்து ஹாரன் அடித்தது. வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் வாசலில் நின்றார்கள். டிரைவர் எங்கள் ஊர்ப் பையன்தான், நேரமாச்சு மாமா என்று கூப்பிட்டான். இவர் எழுந்தார். சட்டையைச் சரி செய்துகொண்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. மகள் பிறந்த செய்தியைப் போனில் கேட்டபோதும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் எனக்கு வந்த ஆத்திரத்தில், இத்தனை மாதம் என் பல்பையும் ஃப்ரிட்ஜையும் விசிறியையும் தின்ற அந்தப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன்.

"பெட்டியக் கார்ல ஏத்துங்க."

"என்ன சொல்ற?"

"மீன் பெட்டிதான. ஐஸ் போட்டா ஐஸ் தாங்கும், சூடு போட்டா சூடு தாங்கும். மதுரை வரைக்கும் தாங்காதா? இவ்வளவு கூத்தும் பாத்தாச்சு. வருதா வரலையான்னு பாத்துட்டே போங்க."

வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டில் ரெண்டைப் பெட்டிக்குள் வைத்தேன். மாமி பர்தாவைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் காரில் ஏறி, பெட்டியைத் தன் மடியில் வைக்கச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. ஆணியும் உள்ளேதான் இருந்தது.

தேவிபட்டினம் தாண்டியதும் டிரைவர் ஏசி போட்டான். ஏசி மெக்கானிக் அதை நிறுத்தச் சொன்னார். கண்ணாடியையும் இறக்கக் கூடாது, காற்று படக் கூடாது. ராமநாதபுரம் தாண்டி, பரமக்குடி தாண்டி, அடைத்த காருக்குள் நாலு பேரும் வேர்வையில் நனைந்து, மீன் நாற்றத்தோடு போனோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் மாமி டிரைவரின் தோளில் தட்டினார்.

"மெதுவா போப்பா. மெதுவா."

"உள்ள என்ன மாமி? கேக்கா?"

"பிள்ளப்பா."

அதற்குப் பிறகு அவன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடியே ஓட்டினான்.

மானாமதுரைக்குப் பிறகு சுங்கச்சாவடியில் வரிசை. முன்னால் ஒரு லாரிக்காரர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மாமி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏலே, கை வந்துருச்சு" என்றார். இவர் முன் சீட்டில் இருந்து இறங்கிப் பின் கதவைத் திறந்து, ரோட்டில் முட்டி போட்டுவிட்டார். சின்னக் கை, அதில் நகம் கூட இருந்தது. முட்டை ஓட்டை ஒரு தள்ளு தள்ளியது, ஓய்ந்தது, இன்னொரு தள்ளு. வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்த பஸ் ஹாரன் அடித்தது, அதற்குப் பின்னால் இருந்த அத்தனையும் அடித்தன. டிரைவர் வண்டியை எடுக்கட்டுமா என்று கெஞ்சினான். நான் இறங்கிப் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றேன். பஸ் டிரைவர் ஏதோ திட்டினார். இத்தனை மாதம் வீட்டில் சேர்த்து வைத்ததை எல்லாம் அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

நான் திரும்பி வந்து பார்த்தபோது அது வெளியே வந்திருந்தது. காசு அளவு, பச்சையாக, நார்த்தூள் ஒட்டிக்கொண்டு, ஆணியின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு. மாமி, மாஷா அல்லா, மாஷா அல்லா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இவர் அழுதார். ஒளிக்கவில்லை. சுங்கச்சாவடிக்காரரும் எட்டிப் பார்த்தார்.

வண்டி கிளம்பியதும் அவர் பின் சீட்டில் எங்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்.

"பொறக்கயில இவ்வளவு கசங்கியா இருக்கும்?" என்று கேட்டார்.

"ஒங்க மகளும் இப்படித்தான் இருந்தா" என்றேன்.

"அப்படியா?"

அப்போதுதான் சொன்னேன். தலையில் எவ்வளவு முடி இருந்தது, எந்தக் கண்ணை முதலில் திறந்தாள், அண்ணன் பாங்கு சொன்னபோது அழுகையை நிறுத்தியது, நர்ஸ் கையில் கொடுத்தபோது நான் யாரைத் தேடினேன் என்பது. மதுரை வரைக்கும் சொன்னேன். விமான நிலைய வாசலில் தள்ளுவண்டியில் பெட்டிகளை ஏற்றும்போதுதான், "அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல" என்றார். "அன்னிக்கே வந்திருக்கலாம்ல" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகு திரும்பிப் பார்த்தார்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வழக்கம்போலக் கரண்ட் இல்லை. குஞ்சை ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைத்தோம். தொட்டி கழுவுகிறவளுக்கு இனிமேல் இன்னும் ஒன்று கூடுதல். பெட்டியில் இப்போது முட்டை இல்லை, இன்வெர்ட்டருக்கு வேலை இல்லை. ஒயரை மாற்றிச் செருகி மின்விசிறியைப் போட்டேன். நல்ல காற்று. இந்தக் காற்றுக்காகத்தான் கோடை முழுக்க அந்த மனுஷரோடு சண்டை போட்டேன்.

கொஞ்ச நேரம்தான் உட்கார முடிந்தது. மாமி எழுந்து போய், தட்டில் இருந்த குஞ்சை எட்டிப் பார்த்துவிட்டு மின்விசிறியை நிறுத்தினார். நான் ஏன் என்று கேட்கவில்லை. ரெண்டு பேரும் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு, அவர் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் செய்வதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.